பதினோராம் பக்கம்

பதினோராம் பக்கத்தை மான் தின்றுவிட்டது.
பஸ் நிலையத்தடியில்
சோற்றுப்பார்சல் கடதாசிக்கு அலையும் கூட்டத்தில் ஒன்று.
கமராப் பெட்டியின்மேல் கல் வைத்துத்தான் விட்டிருந்தேன்.
கல்லை நக்கி உருட்டிவிட்டு
வசனத்தை முழுதாய் மென்றது,
என்னைப் பார்த்தபடியே.

அந்தக் கமராவுக்கு நாள் வாடகை இருபத்திரண்டாயிரம்.
கொழும்பிலிருந்து இரவு ரயிலில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தான் றெஜினோல்ட்,
பாலையூற்றுக்காரன்,
ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பிள்ளையைக் கூட்டிவருபவன் போல.
இரண்டு நாளாய் உள்துறைமுகத்தையே எடுத்தான்.
விடியலில் ஒருக்கால், உச்சி வெயிலில் ஒருக்கால்,
மழைக்கு முந்திய ஈயநிறத்தில் ஒருக்கால்.
நங்கூரச் சங்கிலியின் துரு
பொருக்குப் பொருக்காய்த் தெரியும்.
"இதில ஆர் இருக்கினம்?" என்றேன்.
"தண்ணி."
"தண்ணி என்ன செய்யுது?"
"தண்ணியா இருக்குது."
அன்று முழுக்க நாங்கள் பிறகு கதைக்கவில்லை.

மூதூர் லோஞ்சுக்கு ரிக்கற் கிழித்தவள் ஜெஸீமா.
நடிக்கத் தெரியாது என்று சொல்லித்தான் வந்திருந்தாள்.
பதினோராம் பக்கத்தில் அவளுக்கு ஒரே வசனம்:
அவர் வருவார்.
அது இப்போது மானின் வயிற்றில்.
"வாயில வாறதைச் சொல்லுங்கோ" என்றேன்,
வெயில் இறங்குகிற அவசரத்தில்.
அவள் கமராவைப் பார்க்கவில்லை.
இறங்குதுறையின் கடைசிப் படியைப் பார்த்துச் சொன்னாள்:

"வருவார் எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல தம்பி.
அண்டைக்கு அவருக்கு ரிக்கற் கிழிச்சது நான்தானே.
மிச்சக்காசு ரெண்டு ரூவா.
வந்து வாங்கிறன் எண்டார்."

கட் சொல்ல மறந்து நின்றேன்.

இரவு உப்புவெளி அறையில் போட்டுப் பார்த்தால்
முழுக்க மங்கல்.
போகஸ் அவளுக்குப் பின்னால் ஒரு தூணில்.
தூண் அற்புதமாக இருந்தது.
அதில் அடித்த ஆணியையும் தொங்கிய கயிற்றையும்
கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"இருக்கட்டும்" என்றேன். "கதை வந்திட்டுது.
குரலுக்கு எதுக்கு மூக்குக்கண்ணாடி?"
இப்படியொன்று சொல்லிவிட்டதில்
கொஞ்சம் பெருமையும் எனக்கு.

றெஜினோல்ட் திரையில் ஓரிடத்தைத் தொட்டான்.
மண்ணிறத்தில் ஏதோ அசைந்தது.
"அவவின்ர கை.
கிழிச்சது நான்தானே எண்டேக்க
ரெண்டு விரலும் காத்தைக் கிழிச்சது,
இல்லாத ரிக்கற்றை.
நான் கமராவுக்கு மேலால வெறுங்கண்ணால பாத்துக்கொண்டு நிண்டுட்டன்.
நீ கதை கதையெண்டிறது
அந்த விரலிலயெல்லோ இருந்தது."

விசிறி சுற்றியது.
அதைத் துலைச்சுப்போட்டன் என்றான், எனக்கல்ல.
இன்னொருக்கால் எடுப்போம் என்று
இரண்டு பேரும் சொல்லவில்லை.
காசில்லாததாலும்தான்.

மூன்று மாதம் கழித்து
மீனவர் சங்க மண்டபத்தில் வெள்ளை விரிப்புக் கட்டினோம்.
விரிப்பின் குறுக்கே ஒரு தையல்.
வந்த முகத்துக்கெல்லாம் அதே தழும்பு.
மங்கலாய் ஜெஸீமா வந்தாள், சொன்னாள், போனாள்.
இருட்டில் ஆரோ மூக்கை உறிஞ்சியது
எனக்குக் கைதட்டலாய்க் கேட்டது.

வெளிச்சம் போட்டதும்
முதலில் எழும்பியவள் அவள்தான்.
"தம்பி, தொடக்கத்தில ஒரு கடல் வந்திச்சே, சங்கிலியோட,
அதை இன்னொருக்காப் போடுங்க."
"உங்கட கட்டம் எப்பிடி?"
"என்ட கத எனக்குத் தெரியுந்தானே.
இருபது வருசம் அந்தத் தண்ணிக்குப் பக்கத்தில நிண்டன்,
பாத்ததெல்லாம் ரிக்கற்ற.
இவ்வளவு நீலமெண்டு ஆருக்குத் தெரியும்?"

றெஜினோல்ட் என்னைப் பார்க்கிறான்.
கோப்பைத் தேடுகிற சாட்டில்
நான் குனிந்துகொள்கிறேன்.