குறித்த இடங்கள்

முதலில் தேமல் என்றாள்.
கவச அங்கிக்குள் எட்டு மணித்தியாலம்
ஒலுமடு வெயிலில் முழங்காலில் நின்றால்
எவளுக்கும்தான் வரும் என்றாள்.

முதுகு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
இரவில் களிம்பு பூசுகிறபோது
இடுப்புக்கு மேலே ஒன்று, கொய்யா இலையளவு,
தோள்மூட்டுக்குக் கீழே இரண்டு,
மாசியில் ஐந்து.
மாங்குளத்தில் படைக்கு மருந்து தந்தார்கள்.
கிளிநொச்சியில் குட்டமோ என்று
ஊசிமுனையால் குத்திப் பார்த்தார்கள்.
"நோகுது" என்று கத்தினாள்.
நொந்ததில் எங்களுக்குச் சந்தோசம்,
வரும் வழியில் முறிகண்டியில் இறங்கிக்
கச்சான் வாங்கினோம்.

மகரகமவில் சொன்ன பெயர்
நாலு வருசமாகியும் என் வாயில் நிற்காது.
தோலில் குடியிருக்கிற நிணநீர்ப் புற்று,
ஆருக்கோ அருந்தலாய் வருவதாம்.
"லொத்தர் விழுந்திருக்கு" என்று சிரித்தாள் கலாரூபி.
தோலோடு நிற்கும், மெல்லத்தான் போகும் என்றார்கள்.
அவளும் வேலைக்குப் போனாள்.
சிவப்புத் தலைத் தடிகளுக்கு நடுவே
பாலைமர வேர்களை விலத்தி
விரற்கடை விரற்கடையாய் நிலத்தைக் கிண்டினாள்.

ஆவணியில் ஒருநாள்
உப்பை எடுத்துத் தா என்பதற்குக்
கயிற்றை எடுத்துத் தா என்றாள்.
நான் கயிற்றைக் கொடுத்தேன்.
கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
கறி கொதித்து வழிந்தது.

அடுத்த கிழமை எல்லாம் இரண்டிரண்டாய்த் தெரிந்தது.
வாயின் இடப்பக்கம் தேத்தண்ணியைப் பிடிக்கவில்லை.
முள்ளந்தண்டில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள்.
பார்வைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், அவ்வளவு தெளிவு.
டொக்டர் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார்.
ரம்சீனா மிஸ் தமிழில் சின்னதாய்ச் சொன்னா:
"மூளைக்குப் போயிட்டுது."
மிச்சத்தை எங்கே வைத்தா என்று நான் கேட்கவில்லை.

தோல் தெளிந்து வந்த நேரம் அது.
முதுகில் ஒன்றோ இரண்டோதான்.
ஒவ்வொரு இரவும் எண்ணி எண்ணித்
துப்பரவாகுது என்றிருந்தேன்.
துப்பரவு என்று கையெழுத்து வைத்த வளவிலும்
மாரி மழைக்குப் பிறகு ஒன்று கிளம்பும்.
அவளே சொல்லியிருக்கிறாள்.

இப்ப வீட்டில்தான்.
சிலவேளை என்னைச் "சுப்பவைசர்" என்கிறாள்.
சிலவேளை ஒன்றுமில்லை.
இரவில் மட்டும் வலக்கை எழும்பிப்
பாயைத் தடவத் தொடங்கும்.
இடமிருந்து வலம்,
பிறகு ஒரு விரற்கடை முன்னே,
திரும்ப இடமிருந்து வலம்.
அவசரமில்லை. ஒரு இடமும் விடுபடாது.

நேற்று அது என் விலாவுக்கு வந்தது.
இரட்டைவாய்க்காலில் ஏறிய செல்துண்டு
எடுத்தால் கரைச்சல் என்று விட்டது,
அங்கேதான் கிடக்கு.
விரல் நின்றது.
மற்றக் கையைத் தூக்கினாள்,
எல்லாரும் நில்லுங்கோ என்று
வேலைத்தளத்தில் தூக்குகிற மாதிரி.

மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.
கண்டி வீதியால் லொறி ஒன்று போய், இன்னொன்றும் போனது.
கை கீழே வரவில்லை.