வரைபடத்தில் ஷெட்

மச்சான் கணக்கைச்
சிகரெட் அட்டையின் உள்பக்கம் போட்டார்.
பெரிய வீட்டில் வார இறுதிக்கு ஆள்,
ஷெட்டில் மாத வாடகைக்கு ஆள்,
ஏழு வருடத்தில் பேங்க் கடன் தீரும்,
எட்டாம் வருடத்திலிருந்து தூங்கினாலும் பணம்.
வி.ஆர்.எஸ். வாங்கிய கை
அந்த அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தியது.

குன்னூரில், பெட்போர்டுக்குக் கீழே இறங்கும் சரிவில்
தொண்ணூறு வயது வீடு.
ஓட்டுக்கு அடியில் பலகை,
பலகைக்குள் உளு,
உளுவுக்கு அடியில் நாங்கள்
வாய் பிளந்து அண்ணாந்தபடி.

ஞானசீலன் மேஸ்திரி சுவரை
விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார்.
"சுண்ணாம்புச் சுவரு சார்.
சிமென்ட் பூசினா மூச்சு முட்டும்."
சுண்ணாம்பு நீறும் நாட்களுக்கான வட்டியை
சிமென்ட் மூட்டை விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
சிமென்ட் பூசினோம்.

ஐப்பசியில் சுவர் வேர்த்தது.
கார்த்திகையில் பெயின்ட் கொப்புளித்துத் தோல் உரிந்தது.
மேஸ்திரி எதுவும் சொல்லவில்லை.
உளியை எடுத்துக்கொண்டு வந்தார்.
அட்டையில் ஏழை அடித்து
ஒன்பது என்று எழுதினேன்.

மலையில் புது வீட்டுக்கு அனுமதி கேட்டால்
பேரன்தான் பால் காய்ச்சுவான்.
பழுதுபார்ப்பு என்றால் ஒரு மாதம்.
ஆகவே பழுதுபார்ப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள்
ஒரு கக்கூஸ், ஒரு சமையல் மேடை,
கீசர், சிங்க்,
ஷட்டர் இருந்த இடத்தில் ஒரு கதவு
அத்தனையும் நுழைத்தோம்.
அந்தச் சொல்லில் மட்டும் விரிசலே விழவில்லை.

தரை நடுவே ஆள் நின்று வேலை பார்க்கும் குழி.
எந்தக் காரின் வயிற்றையோ பார்த்துப் பார்த்து
கறுத்துப்போன குழி.
மூடிவிடலாம் என்றார் மேஸ்திரி.
நான் அதற்குப் பலகை மூடி போட்டு
ஸ்டோரேஜ் என்று பெயர் வைத்து
வாடகையில் ஐந்நூறு கூட்டினேன்.

ஜெனிட்டா வந்தாள்.
டயாலிசிஸ் டெக்னீஷியன், பாதி நாள் இரவு வேலை.
நான் அட்வான்ஸைச் சொல்ல வாயெடுக்கும்போது
"வெயில் எந்தப் பக்கம் வரும்?" என்றாள்.
அதை யாரும் கணக்கில் எழுதியிருக்கவில்லை.
ஜன்னல் கிழக்கே அமைந்ததும் திட்டமில்லை,
அந்தப் பக்கம் செங்கல் தானாகவே கழன்றிருந்தது.
"ஒன்பதிலிருந்து பதினொன்று வரை" என்றார்
சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி.
"போதும். நான் தூங்கப் போகும் நேரம்."

கேஸ் இணைப்புக்குப் போனவள் திரும்பி வந்தாள்.
அந்தக் கதவு எண்ணில்
மோட்டார் ஷெட் என்றுதான் இருக்கிறதாம்.
காகிதப்படி அங்கே குடியிருக்க
ஒரு காருக்குத்தான் உரிமை.
"நெத்தியில நம்பர் பிளேட் மாட்டிக்கவா?"
சிரித்தது அவள் மட்டும்தான்.
மறுநாள் மின் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன்.
ஒன்பது, ஒன்பதே கால்.

அந்த வருடம் மேட்டுப்பாளையம் சாலையில்
மண் இறங்கியது இரண்டு முறை.
பெரிய வீட்டுக்கு வரவேண்டியவர்கள்
வருத்தம் தெரிவித்துப் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள்.
நான்கு படுக்கை, எட்டுக் கம்பளி,
யாரும் முகம் பார்க்காத கண்ணாடி.
ஈரம் ஏறாமலிருக்க
வாரம் இருமுறை கணப்பு மூட்டுகிறேன்.
கிலோ பன்னிரண்டு ரூபாய் விறகு
யாருக்கும் இல்லாமல் எரிகிறது.

ஷெட்டில் குக்கர் விசில் அடிக்கிறது.
அஞ்சாம் தேதி தவறாமல் ஆறாயிரத்து ஐந்நூறு.
பெரிய வீட்டின் வட்டியை
மாதாமாதம் ஷெட்தான் கட்டுகிறது.

என் கார் வெளியே மழையில் நிற்கிறது.
ஜன்னல் ரப்பரில் பாசி,
அதன் மேல் தம்படி அளவில் ஒரு பெரணி.
இரவு வேலைக்குக் கிளம்பும்போது ஜெனிட்டா
நின்று டார்ச் அடித்துப் பார்க்கிறாள்,
பிடுங்காமல் போகிறாள்.

நேற்று மச்சான் போன் செய்தார்.
கோத்தகிரியில் ஒரு வீடு,
கூடவே இரண்டு கார் ஷெட்,
முந்தினால் நமக்குத்தான் என்றார்.
"வெயில் எந்தப் பக்கம்?" என்றேன்.
"என்னது?" என்றார்.
சிக்னல் சரியில்லையென்று நினைத்துக்கொண்டு
விலையை
இன்னும் சத்தமாகச் சொன்னார்.