விரற்கிடை

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
என் நாலு விரல் தாராளமாய் நுழைகிறது.
ஒன்றுதான் நுழைய வேண்டும் என்றான் லோகேஸ்.
கட்டைவிரல் கணக்கில்லையாம்.

சுங்கைப்பட்டாணியில் வாங்கினோம், இரண்டாம் கை,
நான்கு ஸ்பிரிங் நூற்றைம்பது வெள்ளி.
மஞ்சள் பெயிண்ட் புதுசு.
நகத்தால் சுரண்டினால் துரு.
மாட்டிக் கொடுக்கப் பட்டறை ஆ கியோங்
இருநூறு கேட்டார்.
சாமானைவிடக் கூலி கூடவா என்று
இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ரோஷம் வந்து
பீடோங் வரை பேசாமலே வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை.
செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவன்
பசியாறக்கூட இல்லை,
வீராவை ஜாக்கில் ஏற்றிவிட்டான்.
பக்கத்து வீட்டு ரொஸ்லி
இரண்டு ஸ்டாண்டை வேலிக்கு மேல் நீட்டி
ஜாக்கை நம்பாதே, அது சும்மா ஏற்றத்தான் என்றார்.

எனக்கு நட்டுக் காவல்.
மைலோ டின் மூடியில் இடது பக்கத்தது,
பிஸ்கட் டின் மூடியில் வலது.
பதினேழு என்பான், கொடுப்பேன்.
பத்தொன்பது என்பான், கொடுப்பேன்.
பிரேக் குழாயின் கிளிப்பைக் கழற்றாமல் இழுக்கப் பார்த்தபோது
டேய் என்றேன்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில்
அவனை டேய் என்றது அது இரண்டாம் தடவை.

ஸ்பிரிங்கை நெரிக்கும் கொக்கிகள்
குணாளன் கொடுத்த இரவல்.
இந்தப் பக்கம் ஆறு சுற்று, அந்தப் பக்கம் ஆறு.
முகத்தைத் தள்ளி வை என்று அவன் எனக்குச் சொன்னான்,
நான் அவனுக்குச் சொன்னேன்,
யாரும் தள்ளி வைக்கவில்லை.
அரிசி மூட்டை, கேஸ் தோம்பு,
பிரசவத்துக்குப் போன நான்
எல்லாரையும் தாங்கிய இரும்பு
கொக்கிக்குள் முனகியது.

ஒரு கொக்கி வழுக்கியது.

சத்தம் கேட்டபோது
அது ஏற்கெனவே ஜிங்க் வேலியில் இருந்தது.
அவன் காதுக்கும் என் கன்னத்துக்கும் நடுவே போயிருக்கிறது.
அங்கே எத்தனை விரல் நுழையும் என்று
நாங்கள் அளக்கவில்லை.
ஒரு நட்டு உருண்டு லோங்காங்கில் விழுந்தது.
இருவரும் குப்புறப் படுத்து
அதை மட்டும் வெகுநேரம் தேடினோம்.

அப்புறம் டீ போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன்.
அவனும் கேட்காமல் குடித்தான்.

பொழுது சாய்ந்து நான்கையும் மாட்டி இறக்கினால்
காடி இறங்கவே இல்லை!
ஓட்டினால்தான் உட்காரும் என்றான்,
குரலில் பாதி சந்தேகம்.
தாமானை இரண்டு சுற்று சுற்றி வந்தோம்.
உட்கார்ந்திருந்தது,
காதை மடக்கிய நாய் மாதிரி.
நான்தான் விரல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று. ஆள்காட்டி.

இப்போது தோட்டத்துக் கோயிலுக்குப் போகும்போது
ஆலை முகப்பில் லாரிக்காகப் போட்ட மேடு வருகிறது.
இறங்குங்க என்கிறான்.
மாமியார், நான், பிள்ளைகள் இரண்டு,
சுண்டல் சட்டியும் இறங்குகிறது.
காவலில் நிற்கும் நேப்பாளக்காரர்
எங்களுக்காகத் தடுப்புக் கட்டையைக்
கொஞ்சம் அதிகமாகவே தூக்குகிறார்.
மகன் செம்மண்ணில் கன்னம் படக் குனிந்து
அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்
கையை ஆட்டுகிறான்.
வெறும் காடி ஊர்ந்து மேட்டைக் கடக்கிறது.
நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்,
எங்கள் மூச்சிலும் எடை இருப்பது போல.

ஜேபிஜே பிடித்தால் என்ன செய்வாய் என்று மாமியார் கேட்கிறார்.
நடந்து போவோம்மா, பழகிவிட்டதே என்கிறான்.

பழைய ஸ்பிரிங்குகளை
கோணியில் சுற்றிப் பின்கட்டில் வைத்திருக்கிறான்.
இரும்புக்காரன் வந்து விலை கேட்டான்.
மூன்றைக் கொடுத்துவிட்டான்.