நாற்பது மில்லிமீட்டர்

அந்தக் கோட்டை வரைந்தவள் நான்.
ஒயிட்ஃபீல்டில், ஐந்தாம் மாடியில்,
ஜன்னல் திறக்க முடியாத ஸ்டூடியோவில்.
முன்கதவில் தாழத் தொடங்கிப்
பின்னால் போகப்போக ஏறும் கோடு.
தேப்ஜித் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வார்:
இன்னும் தூக்கு,
பாயப்போகிற மாதிரி இருக்கணும்.
தூக்கினேன்.
முதலில் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
தீபாவளி கழிந்து பதினெட்டு.
ஒப்புதல் கூட்டத்துக்கு முந்தின இரவு
யாரும் கேட்காமலே பத்து.

கூரையைத் தாங்கும் தூண் என் இடுப்பளவு பருத்தது.
வண்டி உருண்டால் நசுங்கக் கூடாது,
அதுவும் நியாயம்தான்.
பின்சீட்டில் மூன்று தலைச்சாய்ப்புகள்,
அதற்கப்பால் மிச்சமிருந்தது
தபால் பெட்டியின் வாய்.
கேமரா இருக்கிறதே என்றோம்.
எந்தக் கேள்விக்கும் அப்போது
கேமரா இருக்கிறதே.

ஊழியர் தள்ளுபடியில் அதையே வாங்கினேன்.
சாம்பல் நிறம்.

செப்டம்பர் மழை. காடுகோடி.
எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கணுக்கால் தண்ணீர்.
மேலே ஏற்றிவிடலாமென்று ரிவர்ஸ் போட்டேன்.
திரையில் ஒரு சேற்றுத் துளி,
துளிக்குள் ஒரு விளக்கு,
விளக்கைச் சுற்றி எதுவுமில்லை.
சென்சார் தூணுக்குக் கத்தியது,
மழைக்குக் கத்தியது,
சும்மாவும் கத்தியது.
சத்தத்தைக் குறைத்தேன்.

தட். தட்.
மூன்றாவது அடி கண்ணாடியில்.

இறங்கினால், சித்தலிங்கப்பா.
உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
வடிகால் கம்பியில் அடைத்த இலைகளை
அள்ளிக்கொண்டிருந்தவர்.
அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.
டார்ச்சை வைத்திருந்த நாற்காலிதான்
என் சக்கரத்துக்கடியில்
நாலு காலையும் பரப்பிக் கிடந்தது.
டார்ச் தண்ணீருக்குள்ளிருந்து எரிந்தது.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
வண்டியின் பின்பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.
நிஜமாகவே தெரியாமல் கேட்டார்:
"ஹிந்தெ க்ளாஸ் இல்வா, மேடம்?"

இருக்கிறது என்றேன்.
இதோ என்று காட்டவும் செய்தேன்.
எம்பிப் பார்த்தார்.
என்ன தெரிந்ததோ,
தலையை ஆட்டிவிட்டு
மறுபடி இலை அள்ளக் குனிந்தார்.

புது நாற்காலி நானூற்றைம்பது ரூபாய்.
நீலம் கேட்டார், சிவப்புதான் கிடைத்தது.

திங்கட்கிழமை அடுத்த மாடலுக்கான கூட்டம்.
பின்கண்ணாடியே வேண்டாமாம்.
முழுக்கத் தகடு, எடை மிச்சம்,
கோடு தடையில்லாமல் ஓடும்.
மழையில்? என்று கேட்டேன்.
கேமராவுக்குக் குட்டியாக ஒரு வைப்பர் போடலாம் என்றார்கள்.
சிரித்தார்கள்.
நானும்தான்.

வண்டியை இன்னும் கழுவவில்லை.
ஹோப் ஃபார்ம் சிக்னலில் நிற்கும்போது
நடுக்கண்ணாடியை நிமிர்த்தினால்
ஹாரன் அடிக்கிற லாரி தெரிவதில்லை,
இடுக்கில் நுழைகிற பைக் தெரிவதில்லை.
சேறு காய்ந்த ஒரு கை தெரிகிறது.
விரல்கள் விரிந்து,
ஜன்னலை ஏறக்குறைய நிறைத்து.
சுண்டுவிரலுக்குத்தான்
இடம் போதவில்லை.