பதினோராவது போல்ட்டு

செந்தூல் பிளாட்டு. விடிகாலை மூன்று.
லிப்ட்டுக் கூண்டின் தலைமேல் குந்தியிருக்கிறேன்.
பத்து போல்ட்டு முறுக்கியாயிற்று.
பதினோராவது, கைக்கெட்டாத மூலையில்.
படிவத்தில் சரி போட்டால் போதும்;
ஏறிப் பார்க்க எவனும் வரப்போவதில்லை.

பதினான்காம் மாடியில் குணாளன்.
என் கூட்டுப் பணம் மூவாயிரத்து இருநூறு வெள்ளியை
விழுங்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில்
கையாட்டிச் சிரிக்கிறவன்.
ஏழு மணிக்கு இதில்தான் இறங்குவான்.

அவன்மேல் இரக்கமா? கிடையாது.
சாமிக்குப் பயமா? கொட்டாவிதான் வருகிறது.
முதலாளி தூங்குகிறார்.

வயிற்றை எக்கி, கம்பிகளுக்கிடையே
கையை நுழைத்தேன். முழங்கை சிராய்த்தது.
ஸ்பேனர் அரைச்சுற்றுகூடத் திரும்பவில்லை:
ஏற்கெனவே இறுகித்தான் இருந்திருக்கிறது.

நான் தொட்டதால் எதுவும் மாறவில்லை.
விழாமலே இருக்கப்போகும் லிப்ட்டை
எவர் கணக்கில் எழுதுவது?

பேனாவைத் தேடினேன்.
எண்ணெய்க் கறையோடு, கொஞ்சம் கோணலாய்,
இப்போது போட்டேன்
சரி.