குடைக்கம்பி உயரம்

மௌல்மீனில் மழை பிடித்தால்
முதலில் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் நான்.
சந்தை நெரிசலில்
ஊரார் குடைகளின் கம்பி முனையெல்லாம்
சரியாக என் இமை மட்டத்தில் நடந்துவரும்.
வேண்டுமென்று யாரும் குத்துவதில்லை.
"அட, நீ இருந்தியா?" என்பார்கள், அவ்வளவுதான்.

அப்பா வைத்த பெயர் வானமாமலை.
படகுத்துறையில் அது எடுபடவில்லை.
கோ பு என்று கூப்பிடுகிறார்கள்.
பர்மியத்தில் பு என்றால் குட்டை.
கொஞ்சம் இழுத்தால் அங்கே சூடு,
நம் வாயில் மலர்.
ஒருவரும் இழுப்பதில்லை.

சைக்கா ஓட்டுகிறேன்.
மிதிகட்டைமேல் இரண்டு தேக்குத் துண்டு வைத்து
நானே முடுக்கிக்கொண்டேன்.
அரிசி மூட்டையோடு வரும் அம்மாள்
வரிசையில் முதலில் நிற்கும் என்னைத் தாண்டி
மூன்றாவது வண்டியில் ஏறுவாள்:
"பாவம், பையன் இழுக்கமாட்டான்."
பையனுக்கு முப்பத்தாறு வயது.
பகோடா மேட்டில்
ஆறடி சோ தூவும் இறங்கித்தான் தள்ளுகிறான்.

நெட்டையன் பேசாதிருந்தால் அடக்கம்.
நான் பேசாதிருந்தால்
கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே.
கோபப்பட்டாலோ கூட்டம் கூடிச் சிரிக்கும்.
நல்லவர்கள் வேறு இருக்கிறார்கள்,
'கடுகு சிறுத்தாலும்' என்று ஆரம்பிப்பார்கள்.
ஐயா, நான் கடுகில்லை.
என்னிடம் காரம் எதுவும் கிடையாது.
வாமனன் என்பார் கோயில் தர்மகர்த்தா.
வாமனனும் கடைசியில்
வளர்ந்துதானே காட்டவேண்டியிருந்தது?
அந்தக் குட்டைக் காலாலேயே
மூன்றடி மண்ணை அளந்து வாங்கிக்கொண்டு
பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால்
யார் கட்டியிருப்பார் கோபுரம்?
பல்லக்குக்குத் தோள் மட்டம் வேண்டுமென்று
பங்குனியில் என்னைச்
செருப்புக் காவலுக்கு வைத்தவரும் அவர்தான்.

தெருப் பிள்ளைகள் அடிக்கடி
என் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார்கள்.
என்னைத் தாண்டுகிற அன்று
அவர்கள் வீட்டில் மொஹிங்கா.
எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.
தின்பேன்.

போன மாசியில் பிலினில் பெண் பார்த்தோம்.
பெண்ணின் மாமா வருமானம் கேட்கவில்லை.
"கூடப்பிறந்தவர்களும் இப்படித்தானா?" என்றார்.
இன்னும் பிறக்காத என் பிள்ளைகளைத்
தரையிலிருந்து கையால் அளந்து காட்டினார்,
கை முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.
பெண் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.
காப்பி கொண்டுவந்தது அத்தை.
தாம்பூலம் எடுத்து வைத்ததும் அத்தை.
இரண்டாம் தடவை காப்பி வந்தபோதுதான் உறைத்தது:
எழுந்திருக்காதே என்று அவளுக்கு உத்தரவு.
கல்யாண வீட்டுப் போட்டோவில்
என்னைச் செங்கல்மேல் ஏற்றுவார்களே,
அதே வேலை, தலைகீழாக.

நாங்கள் கிளம்பும்போது எழுந்தாள்.
எழுந்தாள், இன்னும் எழுந்தாள்,
உள்ளே திரும்புகையில்
நிலைப்படியில் தலை இடித்தது.
அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.
சிரித்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

பொருந்தாது என்று மறுநாளே போன் வந்தது.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நேற்று நல்ல மழை.
பிலின் பஸ்ஸிலிருந்து இறங்கியவள்
மூன்று வண்டிகளைத் தாண்டி வந்தாள்.
"பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு?"
இரண்டாயிரம் கியாட் என்றேன்.
"ஆயிரத்து முந்நூறு. மழை வந்தால் ஏற்றிவிடுவதா?"
சோ தூ பீடி ஒன்று முடிக்கும்வரை பேரம் பேசினாள்.
பாவம் பார்த்து
ஒரு காசு கூட்டித் தரவில்லை.
எனக்கு ஏனோ மேல்துண்டைப் பிழிந்து
மறுபடி தலையில் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

ஏறி உட்கார்ந்தாள்.
சைக்காவில் உட்கார்ந்தவர் எவரும்
ஓட்டுகிறவனுக்குக் கீழேதான்;
அவள் வகிட்டில் வழிந்த நீரை
மேலிருந்து பார்த்தேன்.
குடையை விரித்தாள்.
கம்பி என் பக்கம் வராமல்
கையை நீட்டி, நீட்டி, எங்கோ உயரத்தில் பிடித்தாள்.
அந்தக் கைக்குத்தான் அது முடியும்.

மேடு வந்தது.
கொஞ்சம் இறங்கிக்கொள்கிறீர்களா என்று
எப்படிக் கேட்பதென யோசித்தேன்.
வண்டி லேசானது.