கீழே விழுந்த களி

கறுப்புக் காரைக் கண்ணால் நம்பக் கூடாது.
கழுவித் துடைத்து நிறுத்தினால்
முகம் தெரியும், முற்றத்து முருங்கை தெரியும்,
பின்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் தெரியும்.
பொலித்தீன் பைக்குள் கையை விட்டு
பொனற்றை மெல்லத் தடவினால்தான்
உண்மை பேசும்:
ரவை கொட்டிய மேசைபோல
நறநறவென்று.

கச்சான் காற்று அள்ளிவந்த தூசி.
சீனக்குடாப் பக்கத்துச் சீமெந்துத் தூள்.
ரயில் நிலையத்தடியில் நிறுத்திய நாட்களில்
தண்டவாளத்திலிருந்து பறந்துவந்த இரும்புப் பொடி,
ஒவ்வொன்றும் முள்ளாய்த் தைத்துக்கொண்டு.
இவற்றோடு காகங்கள்.
காகங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நாளைக்கு மணப்பெண் ஏறுகிற கார்.
நிலாம்தீன் சாவியைத் தந்து சொன்னது ஒன்றுதான்:
"கன்னம் மாதிரி இருக்கோணும்."
யாருடைய கன்னம் என்று கேட்கவில்லை.
நான் சவரம் செய்து மூன்று நாள்.

கொழும்பிலிருந்து தபாலில் வந்த களிக்கட்டி,
நீல நிறம், சவர்க்காரத் துண்டளவு.
வந்த அன்றே நான்காய் வெட்டினேன்.
முழுக்கட்டி விழுந்தால் முழுதும் போகும்,
கால் விழுந்தால் கால்தான்.
இது சிக்கனமில்லை, பயம்.
மூன்று கால்கள் மூன்று வான்களின் அழுக்கைத் தின்று
கறுத்துப்போயின.
இருந்தது நான்காவது.

உப்புவெளியில் நிழல் ஓரிடத்தில் நிற்காது.
அதன் பின்னால் காரைத் தள்ளிக்கொண்டு போய்,
தகடு புறங்கைக்குக் குளிரும்வரை காத்திருந்து,
இரண்டு முறை கழுவி,
ஷாம்பூ கரைத்த தண்ணீரைத் தாராளமாய் விசிறி,
களியை உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து
ரொட்டிபோல் தட்டி
மூன்று விரலுக்குக் கீழே வைத்தேன்.
அழுத்தவில்லை.
அழுத்துகிறவனுக்கு இந்த வேலை வராது.
வழுவழுப்பின் மேல் அது தானாய் மிதக்க வேண்டும்,
போக, வர, நேர்கோட்டில்.
வட்டமாய் ஒருபோதும் இல்லை.

முதலில் சத்தம்,
மணலைச் செருப்பால் தேய்ப்பதுபோல.
பிறகு குறையும்.
பிறகு சத்தமே இல்லாமல் கை வழுக்கும்.
அங்கே நிறுத்தித் திருப்பிப் பார்த்தால்
களியில் பழுப்பாய் ஒரு கோடு.
அதை உள்ளே மடித்து
சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்து
அடுத்த சாண்.

கூரை, கதவுகள், பின்மூடி முடிந்து
பொனற்றில் இடப்பாதியும் முடிந்தபோது
படலைக்குள் மான் ஒன்று தலையை நீட்டியது.
இந்த ஊரில் மானுக்கு யாரும் திரும்புவதில்லை.
நானும் திரும்பவில்லை.
அது வாளியில் வாய் வைத்தபோதுதான்
"ஏய், சோப்புத் தண்ணி!" என்று கையை வீசினேன்.
களி பறந்தது.
மான் போனது.

எடுத்தேன். சீனி தூவிய பலகாரம்போல
மணல் சுற்றிலும் ஒட்டியிருந்தது.
குழாயடியில் கழுவினேன். ஊசியால் கிள்ளினேன்.
பார்வைக்குப் போய்விட்டது.
பார்வைக்கு!
காலையிலிருந்து நான் எதை நம்பாமல்
பொலித்தீன் பையோடு திரிகிறேன்?

ஒரு மணல் போதும்.
அது கறுப்பில் இழுக்கும் கோடு
காலையில் ஒளிந்திருக்கும்,
சரிகிற வெயிலில் வெள்ளையாய் எழும்பும்.
குப்பை வாளிக்குள் எறிந்தேன்.
எறிந்தபின் ஒருதடவை எட்டிப் பார்த்தேன்,
மறைப்பானேன்.

பிறகு முழுக் காருக்கும் மெழுகு.
களி பட்ட பெயின்ற் குளித்து வந்த உடம்பு,
உடுப்பில்லாமல் உப்புக்காற்றில் விடக் கூடாது.
பொனற்றின் இரண்டு பாதியும்
ஒரேமாதிரித்தான் மின்னின.

மறுநாள் டச்சுக்குடாவில்
படம் எடுக்கிற பெடியன் காரை நிறுத்தி
யூஜினியைப் பொனற்றில் கை வைக்கச் சொன்னான்.
வெள்ளைக் கையுறை.
இடமிருந்து வலமாய், சும்மா, தடவினாள்.
நடுவில் விரல்கள் நின்றன.
கையுறைக்குள் இருக்கிற விரலும்
பொலித்தீன் பைக்குள் இருக்கிற விரலும் ஒன்றுதான்,
அதை நான் யோசிக்கவில்லை.
"என்ன?" என்றான் மாப்பிள்ளை.
"ஒண்டுமில்லை" என்றாள்,
கையைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

திங்கட்கிழமை புதுக்கட்டிக்குக் காசு போட்டேன்.
இந்தமுறை எட்டாய் வெட்டுவேன்.